பதினாறாவது துண்டு

தேனீ வளர்ப்போர் சங்கத்தின் தளத்துக்கு
ஒலித்துண்டுகள் பதினாறு, காணொளி ஐந்து.
பெட்டியைத் திறக்காமலே
உள்ளே நடப்பதைக் காதால் அறியும் பாடம்.
நல்ல இயக்கியாகப் பொருத்தித் தா என்றார்கள்.
கூலி பாதி பணம், பாதி தேன்.

மரிபோரில் மார்ச் மாதம். திராவா ஆற்றின் மேல்
மழையா பனியா என்று முடிவெடுக்காத ஏதோ ஒன்று.
இரண்டே நாளில் முடித்தேன்.
தேன்நிறத்தில் உருண்டைப் பொத்தான்கள்.
பக்கம் திறந்ததும் தானே பாடும்.
அழகாய்த்தான் இருந்தது, என் கண்ணுக்கு.

பொகொமிர் வந்தார்.
பார்வை போய்ப் பதினொரு வருடம்,
நாற்பது பெட்டிகள் இன்னும் அவர் கையில்.
திரைவாசிப்பானை முடுக்கிவிட்டு
டேப் விசையைத் தட்டினார்.
பொத்தான், என்றது இயந்திரக் குரல்.
தட்டினார். பொத்தான்.
தட்டினார். பொத்தான்.
அந்தக் குரலின் மேல் ஏறி நின்று
தேனீக்கள் இரைந்துகொண்டிருந்தன.
"ஏழு கதவு. ஒன்றிலும் பெயர்ப்பலகை இல்லை.
உள்ளே எவனோ ரேடியோவை அலறவிட்டிருக்கிறான்."
சிரிக்கவில்லை அவர்.

அன்றிரவு பெயர்சூட்டு விழா.
இயக்கு. நிறுத்து. பத்து வினாடி பின்னே.
வேகம்: முக்கால், ஒன்று, ஒன்றரை;
எதை அழுத்தினாலும் சுருதி மட்டும் மாறாமல்.
நிற்கும் இடத்தைச் சுற்றி மஞ்சள் கோடு:
அசிங்கம் என்று முன்பு நானே அழித்தது.
கைநடுங்கும் சிரிலுக்காகப்
பொத்தான்கள் கட்டைவிரல் அகலம் ஆயின.
இனி, கேட்டால்தான் கேட்கும்.

பிறகு யெர்னேயா.
பிறவியிலேயே காது கேளாதவள்.
பதினாறு துண்டுக்கும் நான் போட்டிருந்த வசனத்தைப் படித்தாள்:
[தேனீக்களின் ஒலி]
[தேனீக்களின் ஒலி]
[தேனீக்களின் ஒலி]
போனில் தட்டிக் காட்டினாள்:
*பதினாறு பேருக்கும் ஒரே பெயர் வைப்பாயா?*

ரூஷேயில் அவள் தேனீக்குடில்.
என் மணிக்கட்டைப் பிடித்து
உள்ளங்கையைப் பலகையில் பதித்தாள்.
முதல் பெட்டி: பக்கத்து அறையில் குளிர்பெட்டி ஓடுவது போல.
இரண்டாவதில் ராணி செத்து மூன்று நாள்.
ஏறியது, இறங்கியது, எங்கும் உட்காரவில்லை.
அழுகை, என்று தட்டினேன்.
அழித்தாள்.
*அழுவது நீ. இவை தேடுகின்றன.*

வீடு திரும்பி அகராதியைக் கிண்டினேன்.
முரல்தல், இமிர்தல், இரைதல், விம்முதல்.
இத்தனை சொல்லையும் வைத்துக்கொண்டா
ஒலி என்று ஒற்றை வார்த்தையில் தப்பித்தேன்?

[சமமாய் முரல்கிறது]
[இரைச்சல் அலைகிறது, ராணி இல்லை]
[புதிய ராணி நீளமாய் ஊதுகிறாள்: தூ… தூ, தூ]
[மெழுகறைக்குள்ளிருந்து போட்டிக்காரி: குவாக், குவாக்]

மூன்றாவது நாள் யெர்னேயாவின் குறுஞ்செய்தி:
*ஊதுகிறவளைக் கையால் தெரியும்.
பதில் சொல்கிறவள் இருப்பது இன்றுதான் தெரிந்தது.*

எல்லாம் சரி. பதினாறாவதுதான் தகராறு.
குளிரில் செத்துப்போன ஒரு பெட்டியின்
நாற்பத்தேழு வினாடி.
தளம் திறந்த வாரமே புகார்கள்:
ஓடவில்லை, பழுது,
ஒலியை உச்சத்துக்கு ஏற்றியும் ஒன்றுமில்லை.

[அமைதி] என்று போட்டேன்.
"பொய்," என்றார் பொகொமிர்.
"முப்பதில் ஒரு பலகை சுருங்குகிறது.
தூரத்தில் ஒரு டிராக்டர்."
யெர்னேயா வெகுநேரம் தட்டினாள், நிறைய அழித்தாள்.
கடைசியில் மிஞ்சியது ஒரு சொல்:
*குளிர்.*

இருவர் சொன்னதையும் வைத்துக்கொண்டு
விடிய விடிய எழுதிய வசனம்
இப்போது அங்கே ஓடுகிறது,
கறுப்பில் மஞ்சள் எழுத்தில்,
வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளலாம்:

[இயக்கி ஓடுகிறது. ஒலி வருகிறது.
பலகை ஒருமுறை முறிகிறது.
பெட்டியில் யாரும் இல்லை.]